பாயின் மறு ஓரம்

ஜூலை 2

நாளை மறுநாள் திருநெல்வேலிப் பக்கம் கிளம்புகிறோம். குணவதி இதைக் கோயில் பயணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் காலையிலிருந்து அவள் எடுத்து வைப்பதெல்லாம் வெறும் பைகள். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. காலியாகப் போய் நிரப்பிக்கொண்டு வரும் கோயிலை நான் கேள்விப்பட்டதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மகள் தாரணி செப்டம்பர் ஐந்தாம் தேதி ராட்டர்டாமில் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை, நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்து. வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தனுப்ப நம் ஊர்க் கைவேலைப் பொருள்கள் வேண்டுமாம். கையால் செய்தது என்றால் அங்கே கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். நான் குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கையால்தான் வேலை செய்தேன். யாரும் ஒற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. என் முட்டி ஒத்துழைக்கவில்லை. விசாவுக்குச் சென்னையில் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அன்று பார்த்து வலி அதிகம். குணவதியை மட்டும் போகச் சொன்னேன். "பொண்ணு கல்யாணத்துல அப்பன் எங்கீன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றதுங்க?" என்று அவளும் இருந்துவிட்டாள்.

தாரணி சண்டை போடவில்லை. போன வாரம் போனில் சொன்னாள்: "வர முடியாட்டி பரவால்லப்பா. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க செய்யணும். பத்தமடைப் பாய் ஒண்ணு, எங்க ரெண்டு பேரு பேரும் போட்டு, நீங்களே நேர்ல போயிச் சொல்லி வாங்கிக் குடுங்க. அது மேல உக்காந்துதான் மாலை மாத்திக்கப் போறோம். நீங்க இருக்கிற மாதிரி இருக்கும்."

சரி கண்ணு என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜூலை 4

அம்பாசமுத்திரத்தில் ஒரு லாட்ஜ். பொள்ளாச்சியில் விடியற்காலை ஏறி, சாயங்காலம் வந்து சேர்ந்தோம். வாடகைக் கார். கோவில்பட்டி தாண்டியதும் குணவதி கேட்டாள்: "ஏனுங்க, நாள் முச்சூடும் காலை மடக்கி உக்காந்திருக்கறீங்களே, இன்னைக்கு முட்டி வலிக்கலீங்களா?"

வலித்தது. சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 5

மரச்சொப்புக் கடை. அடுப்பு, அம்மி, குடம், உரல் எல்லாம் பெருவிரல் அளவில், சிவப்பும் மஞ்சளுமாக வழவழவென்று. குணவதி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, பிறகு கூடையில் போட்டாள். எதற்கு முகர்கிறாய் என்றேன். "சாயம் வாசம் அடிச்சா வெள்ளைக்காரக் குழந்தைங்க வாயில வெச்சுரும்ல?" வாசம் அடித்தால் எந்தக் குழந்தையாவது வாயில் வைக்குமா? கேட்டால் சண்டை. கேட்கவில்லை.

கடைக்காரர், "எங்க கொண்டு போறீய?" என்று விசாரித்தார். குணவதி மகள் கல்யாணம் என்று உற்சாகமாகத் தொடங்கினாள். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று அவர் கேட்கப் போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. "வெளிநாட்டுல கப்பல் கம்பெனில எஞ்சினியருங்க" என்று நான் குறுக்கே புகுந்து பேச்சை முடித்தேன். குணவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு மதம், சாதி எதிலும் பிடிப்பு கிடையாது. ஆபீசில் எல்லோர் வீட்டிலும் சாப்பிட்டவன் நான். ஆனால் நம் பக்கத்து ஆட்களைத் தெரியும் அல்லவா? மாப்பிள்ளை பெயர் என்ன என்பார்கள். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் அடுத்த கேள்வி. பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்கம் சொல்ல என்னால் ஆகாது. அதனால் எஞ்சினியர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஜூலை 6

பத்தமடை. பாய் நெய்யும் ஜைத்தூன் பீவியின் வீட்டை விசாரித்துப் போனோம். முன்கூடத்தில் தரையோடு தரையாகத் தறி. ஒரு பெண் இந்தப் பக்கமும் இன்னொரு பெண் அந்தப் பக்கமும் உட்கார்ந்து கோரையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். கோரை என்றால் நாம் படுக்கும் பாயில் இருக்கிற கோரை இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி கிழித்து வைத்திருக்கிறார்கள். முடித்து வைத்திருந்த ஒரு பாயை ஜைத்தூன் பீவி வேட்டி மடிப்பது போல மடித்துக் காட்டினார். கசங்கவே இல்லை.

ஐம்பது வயது இருக்கும். கறாரான ஆள். பேரம் பேசலாமா என்று நான் வாயெடுப்பதற்குள், "வெல ஒண்ணுதான் சார். கொறச்சுக் கேட்டிய, கோரையும் கொறச்சுப் போடுவேன்" என்று சிரித்தார்.

குணவதிக்குத் தாகம். வீட்டுக்குள்ளிருந்த பெண் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்விட்டாள். நானும் ஜைத்தூன் பீவியும் மட்டும்.

"ஒரு ஓரத்துல பொண்ணு பேரு, மறு ஓரத்துல மாப்ள பேரு. அதுதான் எங்க வழக்கம் சார். சொல்லுங்க."

"பொண்ணு பேரு தாரணி."

அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல பேரு. மாப்ள பேரு?"

தறியில் இருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். கல்யாணப் பெயர் கேட்பதில் அவர்களுக்கு ஒரு ஆர்வம் போலிருக்கிறது. வாசலில் எங்கள் டிரைவர் வேறு நின்றிருந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர். என் பெரியப்பா மகனுக்கும் அவர்தான் கார் ஓட்டுகிறார்.

"அதை அவங்க வீட்ல கேட்டு போன்ல சொல்றனுங்க. தமிழ்ல போடறதா, இங்கிலீஷ்ல போடறதான்னு ஒரு யோசனை இருக்குது" என்றேன்.

"அதுக்கென்ன. பொண்ணு பக்கத்துல இருந்து நெய்ய ஆரம்பிச்சிருதேன். மறு ஓரத்துக்கு வாறதுக்குள்ள சொன்னாப் போதும்" என்றார் ஜைத்தூன் பீவி.

குணவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பேரெல்லாம் சொல்லிப்போட்டீங்களா?" ஆச்சு என்றேன். பாதி ஆகியிருந்தது. காரில் ஏறும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தாரணி பிறந்த அன்று பார்த்த முகம்.

ஜூலை 7

மணப்பாடு. பனையோலைப் பெட்டி வாங்கவென்று குணவதி சொன்னாள். பனையோலைப் பெட்டி வழியெல்லாம் விற்கிறது. அதற்குக் கடற்கரை வரை போக வேண்டியதில்லை. அது தாரணி கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பையனின் ஊர். எனக்குத் தெரியாமல் தாரணியும் அவளும் பேசி வைத்திருக்கிறார்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு தெருவில் காரை நிறுத்தச் சொன்னாள். "அஞ்சே நிமிசம். நீங்களும் வாங்க." வெயில் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமானது.

இடையில் ஓர் அம்மாள் காரை நோக்கி வந்தார். வெளுத்த நூல் சேலை, கையில் ஒரு சொம்பு. படத்தில் பார்த்த முகம்தான். அந்தப் பையனின் மூக்கு அப்படியே இருந்தது. கண்ணாடியைத் தட்டவில்லை. குனிந்து, "அண்ணாச்சி, பதனீ கொண்டாந்திருக்கேன். வெயில்லயே இருக்கியளே" என்றார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "சுகருங்க, வேண்டாம்" என்றேன்.

"சரி அண்ணாச்சி. தண்ணியாவது?"

"இருக்குதுங்க."

அவர் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார். எனக்குச் சர்க்கரை இல்லை. டிரைவருக்கும் அது தெரியும். அவர் ரேடியோவைப் போட்டார்.

குணவதி மூன்று பெட்டிகளோடு வந்தாள். காசு வாங்க மறுத்துவிட்டார்களாம். திருச்செந்தூர் தாண்டியதும், "அந்தம்மா நம்மூட்டு மனுசி மாதிரியேதானுங்க இருக்குது" என்றாள். நான் தூங்குவது போலக் கண்ணை மூடியிருந்தேன்.

ஜூலை 9

பொள்ளாச்சி வந்தாயிற்று. மேல்தொட்டி நிரம்பி வழிந்து மொட்டை மாடியெல்லாம் பாசி. குடிநீர் வாரியத்தில் இருந்தவன் வீட்டில் இந்த லட்சணம். நாள் பூராவும் தேய்த்தேன்.

ஜூலை 19

ஜைத்தூன் பீவி போன் செய்தார். பெண் பெயர் நெய்தாகிவிட்டதாம். "நல்லா வந்திருக்கு சார். செவப்புல போட்டிருக்கேன். மாப்ள பேரு?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். குணவதி தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரு என்றாள். பேங்க் என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை.

ஜூலை 20

சொல்லவில்லை. முடிவெட்டப் போனேன். கூட்டம்.

ஜூலை 27

அந்தப் பையன் போன் செய்தான். இதற்கு முன் தாரணி போனைக் கையில் திணித்து, ஓரிரு வார்த்தை பேசியதோடு சரி. இன்று தானாகவே கூப்பிட்டான்.

"மாமா, நல்லாருக்கீங்களா? முட்டி எப்படி இருக்கு?"

மாமா என்கிறான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பரவாயில்லை என்றேன். அவனுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் முட்டி தேய்ந்துபோய், மீன்பிடி வள்ளத்தில் ஏறி இறங்கவே சிரமப்பட்டாராம். வலி தெரியாமல் படி இறங்க எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"பாய் விஷயமா தாரணி ரொம்ப ஆசையா இருக்கா மாமா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கா, எங்கப்பா நேர்ல போயி சொல்லிட்டு வந்தாருன்னு. தேங்க்ஸ் மாமா."

நேரமாகிறது, வைக்கிறேன் என்றேன். எதற்கும் நேரமாகவில்லை. அப்புறம் அவன் சொன்ன மாதிரி படி இறங்கிப் பார்த்தேன். வலி குறைவாகத்தான் இருந்தது. குணவதியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3

பெரியப்பா மகன் வந்திருந்தான். குலதெய்வக் கோயில் கிடா வெட்டுக்கு அழைக்க. கூடத்தில் குணவதி மரச்சொப்புகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி, கடை வெக்கறீங்களா?" என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள், தாரணி ஆபீசில் ஏதோ கண்காட்சி என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். டிரைவர் சும்மா இருந்திருப்பாரா? ஆனாலும் அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் காபி குடித்தோம்.

அவன் போனதும் குணவதி சொப்புகளைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, கூடத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் ஜைத்தூன் பீவி. "பாதிப் பாய் தாண்டிட்டோம் சார். இன்னும் பேரு வரலியே?"

"ரெண்டு நாள் பொறுங்கம்மா."

"நான் பொறுப்பேன். தறியில ஏத்துனது பொறுக்குமா? அடுத்த கல்யாணப் பாயி காத்துட்டு நிக்கி. எங்களுக்கும் சோலி இருக்குல்லா."

சரி சரி என்றேன்.

ஆகஸ்ட் 9

இன்று சொல்லிவிடுவது என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எண்ணைப் போட்டேன். எடுத்தார். "சொல்லுங்க சார், எளுதிக்கிடுதேன்" என்றார். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரரும் எங்கள் சொந்தம்தான்.

"சிக்னல் சரியில்லைங்க" என்று வைத்துவிட்டேன்.

இதை எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆபீசில் ஒப்பந்தக்காரர்களை நடுரோட்டில் நிறுத்தி, பெயர் சொல்லிச் சத்தம் போட்டவன். ஒரு பெயரைச் சொல்ல இடம் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 13

ஜைத்தூன் பீவி காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை. போன் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14

இன்று அவர் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்றுதான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 21

பார்சல் வந்தது. நான் தபாலாபீஸ் போயிருந்த நேரம். திரும்பி வரும்போது குணவதி அதைப் பிரித்துக் கூடத்தில் விரித்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். ஒரு ஓரத்தில் தாரணி என்று சிவப்பில், அவ்வளவு அழகாக. மறு ஓரத்தில் பெயர் இல்லை. வரிசையாகப் பூ. சின்னச் சின்னதாகச் சிவப்பும் பச்சையும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை.

குணவதி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பார்சலில் இருந்த எண்ணுக்கு அவளே போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, மாப்பிள்ளை பேரு விட்டுப்போச்சுங்களே?"

ஜைத்தூன் பீவி மெதுவாகக் கேட்டார்: "அப்பம் கல்யாணம் நிக்கலியாம்மா?"

"நிக்கலீங்களே. ஏனுங்க?"

"சார் பேரே சொல்லலம்மா. கேக்கக் கேக்க நாளைக்கு, நாளைக்குன்னாவொ. பொறவு போனையும் எடுக்கல. எனக்கு வெளங்கிட்டு, கல்யாணம் நிண்ணுட்டுன்னு. நிண்ணுபோன கல்யாணத்தைத் தோண்டித் தோண்டிக் கேக்க எனக்கு மனசு வரலம்மா. பெத்தவருக்கு எப்படி இருக்கும்? அதான் பூவைப் போட்டு முடிச்சேன். பொண்ணு பேரைப் பிரிச்சிரலாம்னு எம்மவ சொன்னா. நாந்தான் வேண்டாம், அந்தப் புள்ள பேரு இருக்கட்டும்னேன். தொழுகையில அவளுக்குன்னு துவாவும் கேட்டேம்மா, நல்ல எடமா அமையணும்னு."

குணவதி, "நல்ல எடந்தானுங்கம்மா அமைஞ்சிருக்குது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. இப்போது பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். முடிந்த பாயில் சேர்க்க முடியாதாம். புதிதாகத்தான் நெய்ய வேண்டுமாம். அடுத்த மாதம் முழுக்க வேறு பாய்கள் இருக்கின்றனவாம். எங்கள் எதிர்வீட்டுப் பெண் பிரியம்வதா படிக்க ராட்டர்டாமுக்கே போகிறாள். இருபத்தைந்தாம் தேதி விமானம். சாமான்களை அவள்தான் கொண்டுபோகிறாள்.

போனை வைத்த பிறகு குணவதி பாயின் பூ ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை.

"நீங்க அவனை மாப்பிள்ளைன்னு நெனைக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. நெனைக்க வேண்டாம். பேரைச் சொல்றதுக்குக்கூடவா வாய் வரலை? அந்தப் பொம்பளை நம்ம பொண்ணைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு இருக்கிற மனசு உங்களுக்கு இல்லாமப் போச்சே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். முட்டி வலித்தது. உட்கார அந்தக் கூடத்தில் இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 23

தட்டில் சாப்பாடு இருக்கிறது. பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 24

பாயை என்ன செய்வது என்று கேட்டேன். "இதாவது போகட்டும்" என்றாள். மடித்து, மணப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். பாய் அதில் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 25

பிரியம்வதா கிளம்பினாள். அவள் அப்பா ஏர்போர்ட்டுக்குப் போகும்போது எங்களிடமும் சொல்லிக்கொண்டார். மகள் தலையைத் தடவித் தடவி அழுதார் மனிதர். படிக்கத்தானே போகிறாள் என்று நான் கிண்டல் செய்தேன். வீட்டுக்குள் வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 29

தாரணி கூப்பிட்டாள். பாய் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்பா, சூப்பரா இருக்குப்பா பாய். பட்டு மாதிரி இருக்கு." பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, "இவரு பேரு மட்டும் காணமேப்பா?" என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நெய்யறவங்க விட்டுட்டாங்க கண்ணு. வயசானவங்க, மறதி" என்று வந்துவிட்டது.

"ஓ. சரிப்பா. பரவால்ல."

வேறு ஒன்று சொல்லட்டுமா, புதிதாக நெய்து அனுப்பச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம்பா. கல்யாணத்துக்குத்தானே கேட்டேன்."

சமையலறையிலிருந்து குணவதி எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசினாள். "அந்தம்மா மேலயும் பழியைப் போட்டாச்சுங்களா?"

செப்டம்பர் 5

கல்யாணம். நம் நேரத்துக்குச் சாயங்காலம். செல்போனை மேஜையில் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, நானும் குணவதியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். அவள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நானும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

முதலில் கையெழுத்து. பிறகு ஏதோ ஒரு பெரிய அறை. கீழே பாயை விரித்திருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், கையில் நம் சொப்புகள். ஒரு வயதான அம்மாள் சின்ன உரலைக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குணவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாரணி தன் பெயர் இருக்கிற பக்கம் உட்கார்ந்தாள். அரக்குச் சேலை. அவள் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை மறுபக்கம் உட்கார வந்தார். உட்காருவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பெட்டி ஒட்டுகிற டேப். அதில் ஒரு துண்டைக் கிழித்து, பேனாவால் எழுதி, பூ வரிசையின் மேல் ஒட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தாரணி அவர் தோளில் ஒரு குத்து விட்டாள்.

யாரோ கேமராவைக் கிட்டே கொண்டுபோனார்கள். டேப்பில் தமிழில் அவர் பெயர். கையெழுத்து கொஞ்சம் கோணல். வெளிநாட்டில் தமிழ் எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

மாலை மாற்றினார்கள். குணவதி கைதட்டினாள், அந்தச் சின்னத் திரைக்கு. நான் தட்டவில்லை. கையைத் தூக்க முடியவில்லை. என் மகளின் கல்யாணத்தில், என் மாப்பிள்ளை தன் பெயரைத் தானே எழுதி ஒட்டிக்கொண்டார். வந்தவர்கள் முன்னால் என் மானம் போகாமல் அதை ஒரு வேடிக்கையாக மாற்றிவிட்டார். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு போன்.

செப்டம்பர் 6

தூக்கமில்லை. காலையில் நானே ஜைத்தூன் பீவியைக் கூப்பிட்டு, மறந்தது அவர் இல்லை, நான்தான் சொல்லவில்லை என்றேன். "அது எனக்குத் தெரியும்லா சார்" என்றார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். "அது போதும் சார்" என்று வைத்துவிட்டார். தறி வேலையில் இருந்தார் போல.

செப்டம்பர் 11

மத்தியானம் தாரணியைக் கூப்பிட்டேன். அவர்களுக்குக் காலை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள், அதனால் பயந்துவிட்டாள். "என்னப்பா, அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"இல்ல கண்ணு. பாய் எங்க இருக்குது?"

"மடிச்சு அலமாரில வெச்சிருக்கேன்ப்பா."

"அந்த டேப்பு?"

"அதை அன்னைக்கே எடுத்துட்டாருப்பா, போட்டோ முடிஞ்ச உடனே. பசை ஒட்டிப் பாய் வீணாயிரும், உங்கப்பா வாங்கிக் குடுத்ததுன்னு. வெந்நீர்ல துணியை நனைச்சு, மெதுவா, கோரை பிரியாம எடுத்தாரு. இப்பப் பார்த்தா ஒட்டுன இடமே தெரியாது."



"கண்ணு, நெய்யறவங்க மறக்கலை. நான்தான் சொல்லலை."

"தெரியும்ப்பா."

"எப்பத் தெரியும்?"

"பாயைப் பிரிச்ச உடனேயே தெரியும்ப்பா. அவருக்கும் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். குணவதி கையில் கரண்டியோடு வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து மாடியில் அந்த வீட்டுக்காரர் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தணிக்கவில்லை.

"ஜெரோம்கிட்ட போனைக் குடு கண்ணு."

லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

"அவரு வேலைக்குக் கிளம்பிட்டாருப்பா. இப்பத்தான், கதவைச் சாத்திட்டுப் போறாரு." தாரணியின் குரல் நடுங்கியது. "வந்ததும் சொல்றேன். என்னன்னு சொல்லட்டும்?"

என்னவென்று சொல்வது? சொல்வதற்கு இருந்த நாளெல்லாம் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல. உங்க பேரைச் சொல்லி அப்பா கேட்டாருன்னு மட்டும் சொல்லு."